காவலுக்கு அமைத்த களங்கள்: கெடாவின் போர்க்கால விமானத்தளங்கள்



இன்றைய பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், நம் கெடா மாநிலத்தில் இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் அமைக்கப்பெற்ற விமானத்தளங்களின் வரலாறு. குறிப்பாக, அலோர் ஸ்டாருக்கு வடக்கே கெப்பாலா பத்தாசில் இருந்த தளமும், சுங்கை பட்டாணியில் இருந்த தளமும். போரைப் பற்றிய பேச்சு, விமானிகளையும் படைத்தலைவர்களையும் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுவது வழக்கம். அவர்களைப் பற்றியும் பேசுவோம். அதனோடு, அந்தத் தளங்கள் எதற்காக அமைந்தன, எவர் உழைப்பால் அமைந்தன, அவற்றைச் சுற்றி வாழ்ந்த மக்களுக்கு அவை எதைக் கொண்டுவந்தன என்னும் வினாக்களையும் எழுப்பிப் பார்ப்போம்.

பசிபிக் தீவுகளும் கெடாவும்

பசிபிக் கடற்போரை விமானத்தளங்களுக்கான போர் என்று கூறினால் அது மிகையாகாது. சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலில் ஜப்பானியர் ஓர் ஓடுபாதையைக் கட்டத் தொடங்கினர். அது முடியுமுன்பே 1942 ஆகஸ்டில் அமெரிக்கர் அதனைக் கைப்பற்றி, மிட்வே போரில் மாண்ட ஹெண்டர்சன் என்னும் விமானியின் பெயரை அதற்கு இட்டனர். அந்த ஒரு துண்டு நிலத்துக்காக இரு தரப்பும் ஆறு மாதம் போரிட்டன. மரியானா தீவுக் கூட்டத்தின் டினியன் தீவில் அமைந்த பெருந்தளத்திலிருந்துதான் 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவின் மீது அணுகுண்டு வீசச் சென்ற விமானம் புறப்பட்டது. ஒரு தீவின் மதிப்பு அதன் விளைச்சலிலோ மக்கள்தொகையிலோ இல்லை, அதில் எத்தனை அடி நீள ஓடுபாதை போட முடியும் என்பதில் இருக்கிறது என்னும் நிலை அக்காலத்தில் ஏற்பட்டது.

இந்தக் கணக்கு தீவுகளில் தொடங்கியதன்று. அதன் முதற்பாடம் மலாயாவின் வடக்கில்தான் எழுதப்பட்டது. 1941 டிசம்பர் 8 பின்னிரவில், பெர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே, கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியப் படை இறங்கத் தொடங்கியது. அன்று காலையே கெடாவின் விமானத்தளங்கள் குண்டுக்கு இலக்காயின. பசிபிக் தீவுகளின் பெயரை உலகம் கேட்பதற்கு முன்பே, சுங்கை பட்டாணியின் பெயரும் அலோர் ஸ்டாரின் பெயரும் போர்ச் செய்தியில் இடம்பெற்றுவிட்டன.

வயல்களின் நடுவே ஓர் இறங்குதளம்

கெப்பாலா பத்தாஸ் தளம் போருக்கென்று பிறந்ததன்று. ஐரோப்பாவிலிருந்து கிழக்கு நோக்கி நீண்ட வான்வழிப் பயணத்தில் அது ஒரு தங்குமிடம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பத்தாவியாவுக்குச் சென்ற டச்சு நிறுவனமான கே.எல்.எம். விமானங்கள் பாங்காக்கை விட்டுப் புறப்பட்டு அலோர் ஸ்டாரில் இறங்கி, பின்னர் மேடான் நோக்கிச் சென்றன. இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்களும் இவ்வழியே வந்தன. 1934-இல் இலண்டனிலிருந்து மெல்பர்னுக்கு நடந்த புகழ்பெற்ற மெக்ராபர்ட்சன் விமானப் போட்டியில் அலோர் ஸ்டாரும் ஒரு சோதனை நிலையமாக இருந்தது.

கெடாவின் நில அமைப்பு இதற்கு உதவியது. வடக்கே தட்டையாகப் பரந்த நெல்வயல்கள். தெற்கே, கடலோரத்தில் தனித்து நிற்கும் 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை. பண்டைக் காலத்தில் கடாரத்தை நாடி வந்த மரக்கலங்களுக்கு வழிகாட்டிய அம்மலை, வானிலிருந்து வருவோர் கண்ணுக்கும் தப்பாதது. நம் பெரியவர்கள் 'ஆகாயக் கப்பல்' என்று வழங்கிய சொல் எவ்வளவு பொருத்தமானது என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். கடல் வழியாக வந்த வாணிகம், வான் வழியாகவும் அதே மலையடியில் வந்து இறங்கியது.

ஆனால் வணிகத்துக்கு வசதியான இடம் போருக்கும் வசதியானது. சயாம் எல்லைக்கு அருகில் இருந்தமையால், வணிக விமானத்துக்குக் கிடைத்த அதே பயன் பகைவனின் குண்டுவீச்சு விமானத்துக்கும் கிடைக்கக்கூடியதாயிற்று.

கோட்டையின் பின்வாசல்

சிங்கப்பூரில் பெரும்பொருட் செலவில் கடற்படைத் தளம் அமைத்த பிரிட்டிஷ் அரசு, பகைவன் கடல் வழியாகவே வருவான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தது. 1937-இல் மலாயாவின் படைத்தலைவராக இருந்த டாபியும், அவரது முதன்மை அலுவலராக இருந்த பெர்சிவலும் வேறு முடிவுக்கு வந்தனர். சயாமின் சிங்கோரா, பட்டானி ஆகிய துறைகளிலும் கோத்தா பாருவிலும் பகைவன் இறங்கி, தரை வழியாகத் தெற்கே வரக்கூடும் என்பது அவர்கள் கணிப்பு. வடகிழக்குப் பருவமழைக் காலமும் அதற்குத் தடையாகாது என்று அவர்கள் கண்டனர். நான்கு ஆண்டுகள் கழித்து, அதே பெர்சிவல் மலாயாவின் தலைமைப் படைத்தலைவராக இருந்தபோது, அவர்கள் கணித்த இடங்களிலேயே, அவர்கள் கணித்த பருவத்திலேயே ஜப்பானியர் இறங்கினர்.

கப்பற்படையைப் போதிய அளவில் கிழக்கே அனுப்ப இயலாது என்பது உறுதியானபோது, மலாயாவை விமானப்படையைக் கொண்டே காப்பது என்று 1940 ஆகஸ்டில் இலண்டனில் முடிவாயிற்று. 1941 இறுதிக்குள் 336 விமானங்கள் தரப்படும் என்பது திட்டம். கடலில் வரும் பகைவனைத் தொலைவிலேயே தாக்க வேண்டுமானால் தளங்கள் வடக்கிலும் கிழக்குக் கரையிலும் அமைய வேண்டும். ஆகவே தளங்கள் விரைந்து பெருகின. போர் தொடங்கியபோது தீபகற்பத்தில் 22 தளங்கள் இருந்தன. அவற்றுள் 15 தளங்கள் வெறும் புல்தரை ஓடுபாதை கொண்டவை.

தளங்கள் வந்தன. விமானங்கள் வரவில்லை. டிசம்பர் 8 அன்று மலாயாவிலும் சிங்கப்பூரிலும் போரிடும் நிலையில் இருந்தவை 158 விமானங்களே. அவற்றுள் ஹரிக்கேன் போன்ற புதிய வகைப் போர்விமானம் ஒன்றுகூட இல்லை. சுங்கை பட்டாணியில் ஆஸ்திரேலியாவின் 21-ஆம் படையணி பஃபலோ விமானங்களோடும், பிரிட்டனின் 27-ஆம் படையணி பிளென்ஹைம் விமானங்களோடும் இருந்தன. அலோர் ஸ்டாரில் 62-ஆம் படையணியின் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் இருந்தன. வடக்கே ராடார் இல்லை. விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் போதிய அளவில் இல்லை.

இங்கேதான் இந்த வரலாற்றின் மையமான முரண்பாடு இருக்கிறது. நாட்டைக் காப்பதற்காக விமானத்தளங்கள் அமைக்கப்பட்டன. போதிய விமானங்கள் இல்லாத தளத்தை யார் காப்பது? தரைப்படைதான். ஆகவே 11-ஆம் இந்தியப் படைப்பிரிவு கெடாவுக்கு அனுப்பப்பட்டது. வேறு படைகள் கோத்தா பாருவிலும் குவாந்தானிலும் நிறுத்தப்பட்டன. தரைப்படைக்கு ஏற்ற அரண் எது என்று எண்ணி அந்த இடங்கள் தேர்ந்தெடுக்கப்படவில்லை. தளம் எங்கே இருந்ததோ, அங்கே படை போய் நின்றது. காவலாளாக அமைத்த தளமே காவல் கேட்கும் பொருளாகிவிட்டது. தன் படையைத் தானே சிதறடித்துக்கொண்ட இந்த நிலையைப் பெர்சிவலே போருக்குப் பின் எழுதிய அறிக்கையில் குறைகூறினார்.

மண்ணை நிரவிய கைகள்

இத்தளங்களை அமைப்பதென்பது எளிய வேலையன்று. காட்டையோ ரப்பர் தோட்டத்தையோ வெட்டி அகற்ற வேண்டும். வேர்க்கட்டைகளைப் பெயர்க்க வேண்டும். வயற்பாங்கான நிலமாயின் மண் கொட்டி உயர்த்தி, கல் பரப்பி, வடிகால் வெட்ட வேண்டும். வானம் திறந்தால் வாரக்கணக்கில் பெய்யும் நாட்டில், வடிகால் இல்லாத ஓடுபாதை சேற்று வயலே.

இந்த வேலை பெரும்பாலும் பொதுப்பணித் துறையின் வாயிலாகவும் குத்தகைதாரர்களின் வாயிலாகவும் நடந்தது. மலாயாவின் பொதுப்பணித் துறையிலும் இரயில்வேயிலும் அன்றாடக் கூலிக்கு உழைத்தோரில் தென்னிந்தியத் தமிழர் பெரும்பங்கினர் என்பதை நாம் அறிவோம். சடக்குப் போட்டவர்களும் தண்டவாளம் இட்டவர்களும் எவரோ, அவர்களே ஓடுபாதைக்கும் மண் சுமந்தனர். சீனத் தொழிலாளரும் மலாய்க்காரரும் அவர்களோடு உழைத்தனர்.

ஆனால் அந்த ஆண்டுகளில் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. தோட்டக் கூலி குறைக்கப்பட்டதைத் தொடர்ந்து, 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் வருவதை நிறுத்திவிட்டது. ஆக, புதிதாக ஆள் வரவு இல்லை. மறுபுறம், ஐரோப்பியப் போரால் ரப்பருக்கும் ஈயத்துக்கும் தேவை பெருகியது. டாலர் ஈட்டித் தரும் ரப்பரை நிறுத்தக்கூடாது என்பது ஆட்சியாளரின் கட்டளை. படைத்துறை தன் பாதுகாப்பு வேலைக்கு ஆள் கேட்டபோது, இலண்டன் போர் அமைச்சு அனுமதித்த கூலி சந்தைக் கூலியைவிடக் குறைவாக இருந்தது. குறைந்த கூலிக்கு எவர் வருவார்? இதனால் அரண் வேலைகள் முடங்கின. ஜித்ராவில் போர் மூண்டபோது பதுங்குகுழிகளில் நீர் நின்றதற்கும், அரண்கள் அரைகுறையாக நின்றதற்கும் உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

ஒரு பேரரசின் வடக்கு வாயிலின் உறுதி, ஓர் ஆண் கூலியாளுக்கு நாளொன்றுக்கு எத்தனை காசு தருவது என்னும் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் சொல்லிச் செல்கின்றன. நம்மைப் போன்ற தொழிலாளர் வழிவந்த சமூகத்துக்கு அது ஓரிரு வரிகளில் கடந்துபோகக் கூடிய செய்தியன்று.

டிசம்பர் 8

திங்கட்கிழமை காலை. சுங்கை பட்டாணித் தளம் அன்று விடிந்த சிறிது நேரத்திலேயே தாக்கப்பட்டது. முன்னறிவிப்புக் கருவி இல்லாமையால், விமானங்கள் தலைக்கு மேல் வந்த பின்னரே அவை பகை விமானங்கள் என்பது தெரிந்தது. தரையில் நின்ற விமானங்கள் பல எரிந்தன.

அலோர் ஸ்டாரின் 62-ஆம் படையணி அன்று காலை கோத்தா பாருவில் இறங்கும் பகைவரைத் தாக்கப் புறப்பட்டது. மழைமேகம் மறைத்ததால் பட்டானிப் பக்கம் திரும்பிக் குண்டு வீசிவிட்டுத் தளத்துக்கு மீண்டது. எரிபொருளும் குண்டும் நிரப்பிக்கொண்டிருந்த வேளையில் 27 ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் அணிவகுத்து வந்தன. சற்று நேரத்தில் அந்தப் படையணியில் பறக்கும் நிலையில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை ஆயின.

அன்றைய தாக்குதலில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியர் பெருங்குண்டுகளை வீசி ஓடுபாதையைப் பெயர்க்கவில்லை. விமானங்களையும் ஆட்களையும் கட்டடங்களையும் அழிக்கும் சிறு குண்டுகளையே வீசினர். ஓடுபாதையில் பள்ளம் விழாமல் பார்த்துக்கொண்டனர். காரணம் வெளிப்படையானது. சில நாட்களில் அந்தத் தளம் தங்களுக்கு வேண்டும். அழிக்க வந்தவன் எதை அழிக்காமல் விட்டான் என்பதிலேயே அவன் எண்ணம் முழுவதும் வெளிப்பட்டுவிட்டது.

அன்று காலையில் வட மலாயாவில் போருக்கு ஆயத்தமாக இருந்த விமானங்கள் 110. மாலையில் அவ்வாறு எஞ்சியவை 50. சுங்கை பட்டாணியும் அலோர் ஸ்டாரும் கைவிடப்பட்டு, படையணிகள் பட்டர்வொர்த்துக்கு விரைந்தன. நாட்டின் வான்காவல் என்று ஓராண்டுக்கு மேலாகச் சொல்லப்பட்டுவந்தது ஒரே பகலில் கரைந்தது.

ஸ்கார்ஃப் என்னும் விமானி

மறுநாள், டிசம்பர் 9. சிங்கோராவில் ஜப்பானியர் பிடித்துக்கொண்ட விமானத்தளத்தைப் பகலிலேயே தாக்குமாறு பட்டர்வொர்த்துக்குக் கட்டளை வந்தது. 62-ஆம் படையணியைச் சேர்ந்த ஆர்தர் ஸ்கார்ஃப் என்னும் 28 வயது விமானி முதலில் மேலெழும்பினார். அவர் எழும்பிய வேளையில் பகை விமானங்கள் வந்து, பின்தொடர இருந்த விமானங்களைத் தரையிலேயே செயலிழக்கச் செய்தன. ஸ்கார்ஃப் தனித்து விடப்பட்டார். திரும்பிவிட அவருக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. ஆயினும் அவர் ஒற்றை விமானத்தோடு எல்லை கடந்து சென்று, சிங்கோராவில் குண்டு வீசித் திரும்பினார். வழியெங்கும் பகை விமானங்கள் சூழ்ந்து சுட்டன. இடது கையிலும் முதுகிலும் கடும் காயம். உடனிருந்த இருவரும் தாங்கிப் பிடிக்க, அலோர் ஸ்டார்வரை விமானத்தைக் கொண்டுவந்து இறக்கினார். உடன் வந்தோர் இருவருக்கும் காயமில்லை. அவர் கொண்டுசெல்லப்பட்ட அலோர் ஸ்டார் மருத்துவமனையில் அவருடைய மனைவியே செவிலியாகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் ஸ்கார்ஃப் உயிர் நீத்தார்.

பின்வாங்கலின் குழப்பத்தில் ஆவணங்கள் மறைந்துபோனமையால், அவருடைய செயல் உடனே பதிவாகவில்லை. உடன் இருந்தோர் போர் முடிந்த பின் சாட்சி சொன்னமையால்தான் 1946 ஜூன் மாதம் அவருக்கு விக்டோரியா சிலுவை விருது அறிவிக்கப்பட்டது. அவர் உடல் இன்று தைப்பிங் போர்க் கல்லறையில் இருக்கிறது. அங்கே பெயர் அறியப்படாத வீரர்களின் கல்லறைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. சாட்சி சொல்ல ஒருவர் எஞ்சியிருந்தால்தான் வீரமும் வரலாறாகிறது என்பதை அந்த இடம் நமக்குக் கற்பிக்கிறது.

புகையைப் பார்த்த படை

இப்போது ஜித்ராவுக்கு வருவோம். சயாமுக்குள் முன்னேறிச் சென்று சிங்கோராவைப் பிடிப்பது பிரிட்டிஷாரின் முதல் திட்டம். அதற்கு 'மாட்டடோர்' என்று பெயர். சயாமின் நடுநிலையை மீறுவதா வேண்டாமா என்ற தயக்கத்தில் காலம் கழிந்தது. படைகள் மழையில் புறப்பாட்டுக்குக் காத்துநின்றன. டிசம்பர் 8 பிற்பகலில் அத்திட்டம் கைவிடப்பட்டது. முன்னேறிப் போரிடுவதற்கு மனத்தை ஆயத்தப்படுத்தியிருந்த படை, முடிவுறாத அரண்களுக்குத் திரும்பிக் காவல் நிற்குமாறு பணிக்கப்பட்டது.

அந்தப் படை ஜித்ராவில் நின்றதன் முதன்மைக் காரணம், தனக்குப் பின்னால் இருக்கும் கெப்பாலா பத்தாஸ் தளத்தைக் காப்பது. ஆனால் விமானப்படை தளத்தைவிட்டு வெளியேறியபோது, அங்கிருந்த கட்டடங்களுக்கும் எரிபொருளுக்கும் தீ வைத்தது. வெடிச்சத்தமும் புகையும் முன்னணியில் நின்ற வீரர்களுக்கு எட்டின. தாங்கள் எதைக் காக்க நிற்கிறோமோ அது தங்கள் முதுகுக்குப் பின்னால் எரிவதை அவர்கள் கண்டனர். படையின் மனவுறுதி குலைவதைக் கண்ட படைத்தலைவர் மரே-லயன், தளத்தில் மேலும் தீ வைக்க வேண்டாம் என்று தடுக்க வேண்டியதாயிற்று. பஞ்சாபியரும் ஜாட்டுகளும் கூர்க்காக்களும் பிரிட்டிஷாருமாக நின்ற அந்தப் படைப்பிரிவில் பலர் முன்பின் டாங்கியைக் கண்டதில்லை. டிசம்பர் 11 முதல் 13 வரை நடந்த போரில், சாயெகி என்பாரின் கீழ் சில டாங்கிகளோடு வந்த சுமார் 500 பேர் கொண்ட முன்னணிப் படையே ஒரு முழுப் படைப்பிரிவின் வரிசையைக் கலைத்தது.

டிசம்பர் 13 அன்று அலோர் ஸ்டார் விழுந்தது. தீக்கும் அழிப்புக்கும் தப்பிய எரிபொருட் பீப்பாய்களும் குண்டுகளும் தளத்தில் அப்படியே கிடைத்தன. உணவறையில் சூப் ஆறாமல் இருந்தது என்று ஜப்பானியப் படையின் திட்ட வகுப்பாளர்களுள் ஒருவரான சுஜி மசனோபு தம் நூலில் எழுதினார். ஆங்கிலேயர் சேர்த்துவைத்த எரிபொருளை நிரப்பிக்கொண்டு, ஆங்கிலேயர் அமைத்த ஓடுபாதையிலிருந்து, ஆங்கிலேயர் படையைத் தாக்க ஜப்பானிய விமானங்கள் புறப்பட்டன. இவ்வாறு கிடைத்த தளங்களை 'சர்ச்சில் தளங்கள்' என்று அவர்கள் எள்ளி வழங்கினர்.

பின்வாங்கிய படை நம் ஜெராய் மலையின் கிழக்கு அடிவாரத்தில், குருணில் மீண்டும் நின்றது. ஒருபுறம் மலை, மறுபுறம் காட்டுக்குன்றுகள், நடுவே சடக்கும் இரயில் பாதையும் செல்லும் இடுக்கு. இயற்கை தந்த அரண் அது. ஆனால் நாட்கணக்கில் உறங்காத படைக்கு அரண் வெட்ட நேரமும் வலுவும் இல்லை. உதவிக்கு வரவேண்டிய உள்ளூர்த் தொழிலாளரும் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சிதறிவிட்டனர். டிசம்பர் 14, 15 நாட்களில் அந்த வரிசையும் உடைந்தது. 6-ஆம் பிரிகேடின் தலைமையகம் அழிந்தது. படை மூடா ஆற்றைக் கடந்து தெற்கே சென்றது. கெடா முழுவதும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் கைமாறியது.

விட்டுச் செல்லப்பட்டோர்

தோட்டத் துரைமார் தெற்கே சென்றனர். பினாங்கிலிருந்து டிசம்பர் 16 இரவில் ஐரோப்பியர் மட்டும் கப்பலேற்றப்பட்டனர். ஆசிய மக்கள் விட்டுச் செல்லப்பட்டனர். கெடாவிலோ, பிரிட்டிஷாரோடு பினாங்குக்குச் செல்லவிருந்த முதிய சுல்தான் அப்துல் ஹமீது ஹலிம் ஷாவின் வண்டியை அவருடைய மகனும், அப்போது கூலிம் மாவட்ட அதிகாரியாக இருந்தவருமான துங்கு அப்துல் ரகுமான் வழிமறித்துத் திருப்பிக் கூலிமுக்கு அழைத்துச் சென்றார். மக்கள் இங்கே இருக்கையில் அரசர் வெளியேறலாகாது என்பது அவர் நிலை. பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான அவரது அரசியல் துணிவுக்கு இது முற்குறி எனலாம்.

அலோர் ஸ்டாரில் இன்னொரு வரலாறும் தொடங்கியது. ஜித்ராவில் சிதறிய 14-ஆம் பஞ்சாப் ரெஜிமெண்டின் முதற் பட்டாளத்தைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங், ஜப்பானிய மேஜர் புஜிவாராவையும் பிரீத்தம் சிங்கையும் அங்கேதான் சந்தித்துப் பேசினார். கொள்ளை மிகுந்திருந்த பட்டணத்தின் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. அங்கு விழுந்த விதையே இந்தியத் தேசிய இராணுவமாக முளைத்தது. நேதாஜி 1943-இல் சிங்கப்பூர் வந்தபின், தோட்டப்புறத் தமிழ் இளைஞர்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தனர்.

எனினும், பெரும்பாலான தோட்ட மக்களுக்கு 'ஜப்பான்காரன் காலம்' என்பது விடுதலையின் காலமாக இருக்கவில்லை. ரப்பருக்குச் சந்தை இல்லை. அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கே உணவு. விமானத்தளத்துக்கு மண் சுமந்த அதே வகைத் தொழிலாளர், 1942-43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையிலான 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற பல்லாயிரம் தமிழரில் ஒரு பெரும்பகுதியினர் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் இரையாகி, திரும்பி வரவே இல்லை. 1943 அக்டோபரில் கெடாவையே ஜப்பானியர் சயாமிடம் ஒப்படைத்தனர். போர் முடியும்வரை இம்மாநிலம் 'சைபுரி' என்ற பெயரில் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே மண்ணுக்கு மூன்று ஆட்சிகள். எந்த ஆட்சியும் அம்மண்ணில் உழைத்தோரைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

எஞ்சியிருப்பவை

கெப்பாலா பத்தாஸ் இன்று சுல்தான் அப்துல் ஹலிம் விமான நிலையம். நாட்டின் விமானப்படைக்குத் தலைமுறை தலைமுறையாக விமானிகளைப் பயிற்றுவித்த இடமும் அதுவே. பட்டர்வொர்த் தளம் நெடுங்காலம் ஆஸ்திரேலியரிடம் இருந்து, 1988-இல் மலேசிய விமானப்படையின் கைக்கு வந்தது. சுங்கை பட்டாணியில் 1951 முதல் 1971 வரை கூர்க்காப் படைகளின் பயிற்சி நிலையம் இயங்கியது. இன்று அப்பட்டணத்தின் இராணுவ முகாம் ஒன்றுக்கு 'கெம் லாப்பாங்கான் தெர்பாங்', அதாவது விமானத்தள முகாம், என்று பெயர். விமானம் இறங்காத இடத்தில் விமானத்தளம் என்னும் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. மொழிக் கழகத்தின் மேடையில் நின்று இதைச் சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன். கல் பெயர்ந்துவிடும், கட்டடம் இடிந்துவிடும். இடப்பெயர் எளிதில் இடியாது.

குவாடல்கனாலின் ஹெண்டர்சன் தளம் இன்று ஹோனியாரா நகரின் அனைத்துலக விமான நிலையம். டினியனில் அணுகுண்டை விமானத்தில் ஏற்றிய குழிகளைக் கண்ணாடி மூடிப் பாதுகாக்கின்றனர். அத்தீவுகளுக்கு வந்துபோன படைகள் தங்கள் நினைவைப் பேணிக்கொண்டன. கெடாவின் தளங்களில் ஸ்கார்ஃபின் பெயர் அரசிதழில் ஏறி நிலைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர் கூலிப் பேரேட்டில் மட்டுமே ஏறியது. அத்தகைய பேரேடுகள் போரோடும் ஆட்சி மாற்றத்தோடும் பெரும்பாலும் போய்விட்டன.

ஸ்கார்ஃபின் வீரத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அவருக்குச் சாட்சி கிடைத்தது போல மற்றவர்க்கும் சாட்சி தேட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அன்று பத்து வயதுச் சிறுவராக இருந்தவர்க்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. யான், குருண், பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரங்களில் அவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்கள் இல்லாத வீடுகளில் அவர்கள் சொன்னதைக் கேட்ட பிள்ளைகள் இருப்பார்கள். எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பேர் தளவேலைக்குப் போனார்கள், நாட்கூலி என்ன, குண்டு விழுந்த அன்று லயத்து மக்கள் எங்கே ஓடி ஒளிந்தார்கள், சயாமுக்குப் போனவர்களில் யார் திரும்பினார்கள் என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். தோட்டக் கோயில்களின் பழைய கணக்கேடுகளையும் தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளையும் கரையான் தின்னும் முன் படியெடுத்து வையுங்கள். 1941-இல் பள்ளிப் பதிவேட்டில் இருந்து 1946-இல் இல்லாத ஒரு பெயர்கூட ஒரு வரலாற்றுச் சான்றே.

படைத்துறை ஆவணங்கள் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் உள்ளன. அவற்றை அந்நாட்டார் எழுதிக்கொண்டனர். தமிழில் மட்டுமே கிடைக்கக்கூடிய சான்று ஒன்று உண்டு. அது நம் தோட்டத்து மக்களின் வாய்மொழி. அதை எழுத வேண்டியவர்களும் தமிழ் அறிந்த நாமே. மாணவர்கள் விடுமுறை நாட்களில் ஒருவர் ஒரு முதியவரைச் சந்தித்து நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாலும், இந்தப் பொழிவு வரிசையின் வேறொரு நூலுக்கு அது அடிப்படையாகும்.